தருமபுரி மலையை வரைஞ்ச பையனும், லண்டன்ல விழுந்த ஓட்டும்!

இயற்கைக் காட்சி வரையச் சொன்னா நீங்க என்ன வரைவீங்கன்னு நான் சொல்லட்டுமா? ரெண்டு முக்கோண மலை. நடுவுல பாதி சூரியன். அங்கிருந்து வளைஞ்சு வளைஞ்சு வர்ற ஆறு. இந்தப் பக்கம் ஒரு குடிசை, அந்தப் பக்கம் ஒரு தென்னை மரம். வானத்துல நாலு காக்கா. சரிதானே? நானும் அதேதான். எங்க அம்மாவும் அதேதான் வரைஞ்சிருப்பாங்க.

போன வருஷம் தருமபுரி மாவட்டத்துல ஒரு பள்ளிக்கூட ஓவியப் போட்டிக்கு வேடிக்கை பார்க்கப் போனவனை, ஒரு நடுவர் வரலைங்கிற காரணத்தால நாற்காலியில உட்கார வெச்சுட்டாங்க. பத்திரிகைக்காரங்களுக்கு எல்லாமே தெரியும்னு ஒரு நம்பிக்கை! தலைப்பு, இயற்கைக் காட்சி. மேஜை முழுக்க முக்கோண மலை, பாதி சூரியன். அதுக்கு நடுவுல ஒரே ஒரு தாள் மட்டும் வேற மாதிரி இருந்தது. ஏழாவது படிக்கிற பொண்ணு வரைஞ்சது. ஒரு மொட்டைப் பாறை மலை, அதுவும் ரொம்பப் பெருசா, உச்சி தாளுக்கு வெளியே போற அளவுக்கு. அடியில கருவேலம் புதர். சூரியன் இல்லை, ஆறு இல்லை. கலர் எல்லாம் ஒரே பழுப்பு. அது பார்க்க ஏதோ முடிக்காத படம் மாதிரி தெரிஞ்சது. நாங்க மூணு பேருமே குறைஞ்ச மார்க் போட்டோம். முதல் பரிசு ஒரு சுத்தமான குடிசைக்கும் தென்னை மரத்துக்கும் போச்சு.

பரிசளிப்பு முடிஞ்சு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் கவனிச்சேன். எதிர்ல நிக்குது அந்த மலை. மொட்டைப் பாறை, அடியில புதர், எல்லாம் பழுப்பு. அந்தப் பொண்ணு ஜன்னல் வழியா பார்த்ததை அப்படியே வரைஞ்சிருக்கு. மத்தவங்க எல்லாம் கேலண்டரைப் பார்த்து வரைஞ்சிருக்காங்க. நாங்க கேலண்டருக்குப் பரிசு கொடுத்திருக்கோம்.

அந்தக் குற்ற உணர்ச்சியில, இந்த மலைங்களை இதுக்கு முன்னாடி யாராவது ஒழுங்கா வரைஞ்சிருக்காங்களான்னு தேட ஆரம்பிச்சேன். கிடைச்சவர்தான் வில்லியம் டேனியல். இங்கே வந்தப்போ அவருக்கு வயசு 22, 23. வருஷம் 1792. பேரு கேட்ட மாதிரி இல்லைன்னாலும், அவர் படத்தை நீங்க நிச்சயம் பார்த்திருப்பீங்க. பழைய மெட்ராஸ், மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், திருச்சி மலைக்கோட்டைன்னு ஹோட்டல் வரவேற்பறையிலயும் புத்தக அட்டையிலயும் மங்கலான நிறத்துல தொங்குமே, அதுல பாதி இவரும் இவரோட சித்தப்பா தாமஸ் டேனியலும் போட்டதுதான்.

சித்தப்பா கூட கப்பல் ஏறிய பையன்

வில்லியம் பிறந்தது 1769-ல், இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் கிங்ஸ்டன் என்ற ஊரில். குடும்பம் விடுதி நடத்திய குடும்பம். அவருக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பா இறந்துபோக, பையன் சித்தப்பா தாமஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். தாமஸ், குதிரை வண்டிகளில் சித்திர வேலை செய்து தொழில் பழகியவர். பிறகு லண்டன் ராயல் அகாடமி பள்ளியில் ஓவியம் படித்தார். இயற்கைக் காட்சி வரைவதில்தான் அவருக்கு ஆசை. ஆனால் லண்டனில் அதை வைத்துப் பிழைக்க முடியவில்லை.

ஏன்னா, அந்தக் காலத்து ஓவிய உலகத்துல ஒரு சாதி அடுக்கு மாதிரியே இருந்தது. புராணம், வரலாறு, பைபிள் கதைகளை வரையறவங்க உச்சியில. அதுக்குக் கீழே பெரிய மனுஷங்க முகத்தை வரையறவங்க. மலை, மரம், ஆறு வரையறவங்க அதுக்கும் கீழே. நடுவர்கள் மனசுலயும் அதே அடுக்குதான். ஒரு மரத்தை எவ்வளவு நல்லா வரைஞ்சாலும் அது மரம்தானேன்னு ஒரு நினைப்பு.

அப்போ தாமஸுக்கு ஒரு யோசனை. இங்கிலாந்துக்காரங்க யாரும் பார்க்காத மலையையும் மரத்தையும் வரைந்தால்? கிழக்கிந்திய கம்பெனியிடம் அனுமதி வாங்கினார். 1785 ஏப்ரலில் சித்தப்பாவும் மகனும் கப்பல் ஏறினார்கள். வில்லியமுக்கு அப்போ பதினாறு வயசுகூட முழுசா ஆகியிருக்காது. இப்போ கணக்குக்குச் சொன்னா பத்தாவது பரீட்சை எழுதுற வயசு. பதவி, உதவியாளர். அதாவது பென்சில் சீவறது, தாள் பிடிக்கிறது, சொன்னதைச் செய்யறது.

சீனா வழியாகச் சுற்றி, 1786-ல் கல்கத்தா வந்தார்கள். அங்கே நகரக் காட்சிகள் பன்னிரண்டை அச்சிட்டு விற்றார்கள். செப்புத் தகடு தயார் செய்வதிலிருந்து அச்சடிப்பது வரை எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டியிருந்தது. வர்ணம் தீட்ட உள்ளூர்க் கலைஞர்கள் கைகொடுத்தார்கள். அந்தக் கலைஞர்களின் பெயர் எந்தப் படத்திலும் கிடையாது.

அதன் பிறகு 1788-ல் ஆரம்பித்தது பெரிய வட இந்தியப் பயணம். கங்கை வழியாக மேலேறி, ஆக்ரா, டெல்லி தாண்டி, இமயமலை அடிவாரத்தில் இருக்கும் கட்வால் ஸ்ரீநகர் வரைக்கும் போனார்கள். கிட்டத்தட்ட மூணு வருஷம். வில்லியம் நாட்குறிப்பு எழுதினார். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இவர்களுக்கு முன்பே வில்லியம் ஹாட்ஜஸ் என்ற ஓவியர் இந்தியா வந்து படங்கள் போட்டிருந்தார். இவங்க என்ன பண்ணினாங்கன்னா, ஹாட்ஜஸ் அச்சிட்ட படங்களைக் கையோடு எடுத்துக்கிட்டு, அவர் வரைந்த அதே இடத்தில் போய் நின்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இது தப்பு, அது தப்புன்னு கண்டுபிடித்தார்கள். பரிசு கொடுக்காத, சம்பளம் வாங்காத நடுவர்கள்! ஆனால் இருபது வயசுப் பையன் ஒருவனுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்குமா என்ன? படத்தைப் பார்க்கணும், இடத்தைப் பார்க்கணும், ரெண்டும் ஒத்துப்போகுதான்னு கேட்கணும். நாங்க மூணு பேர் அந்தப் பள்ளிக்கூடத்துல செய்யாமல் விட்டது அதைத்தான்.

பாரமகால்ல நின்ன கால்கள்

தெற்கே வரப் பணம் வேண்டும். கல்கத்தாவில் தங்கள் ஓவியங்களை வைத்து லாட்டரி நடத்தினார்கள். சீட்டு வாங்கியவர்களுக்குக் குலுக்கலில் ஓவியம். இன்னைக்கு நம்ம பசங்க குறும்படம் எடுக்க ஆன்லைன்ல காசு திரட்டறாங்களே, கிட்டத்தட்ட அது மாதிரிதான். அந்தப் பணத்தோடு 1792 மார்ச்சில் கப்பல் ஏறி மெட்ராஸ் வந்தார்கள். ஏப்ரல் மாதம் உள்நாட்டுக்குக் கிளம்பினார்கள்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் கவனிங்க. 1792 மார்ச் மாதம்தான் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன்படி கம்பெனி கைக்குப் போன பகுதிகளில் ஒன்று பாரமகால். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அதற்குள் அடக்கம். பாரா என்றால் பன்னிரண்டு. பன்னிரண்டு கோட்டைகள் இருந்த நாடு என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். அந்தப் பன்னிரண்டு எவையென்று கேட்டால் ஆளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள், அது வேற கதை. பிறகு இது சேலம் மாவட்டமாக இருந்து, 1965-ல் தருமபுரி தனி மாவட்டமானது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதனால நான் கீழே சொல்லப்போற இடங்கள் இன்னைக்கு நிர்வாகக் கணக்குல கிருஷ்ணகிரி மாவட்டம். உங்க அப்பா, தாத்தாவைக் கேட்டா தருமபுரி மாவட்டம்னுதான் சொல்வாங்க.

வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல், மே மாதம். பல்லக்கு, மாடு, கூலியாட்கள் என்று ஒரு கூட்டமே கூட வந்தது. போர் நடந்த பாதையிலேயே இவர்களும் நடந்தார்கள். முந்தின வருஷம்தான் கம்பெனிப் படை பிடித்திருந்த ராயக்கோட்டையை வரைந்தார்கள். ஓசூரை வரைந்தார்கள். ஜகதேவி மலைக்கோட்டையை வரைந்தார்கள். வீரபத்திர துர்க்கத்தை வரைந்தார்கள். பெரும்பாலும் மலைமேல் கோட்டை.

இங்கே ஒரு விஷயத்தை மழுப்பாமல் சொல்லிடணும். இவங்க ஏன் கோட்டைகளாகப் பார்த்து வரைஞ்சாங்க? படத்தை வாங்கப்போறவங்க யாருன்னு இவங்களுக்குத் தெரியும். போரில் ஜெயித்த அதிகாரிகளும், லண்டனில் அந்தச் செய்தியைப் படித்தவர்களும். மெட்ராஸில் ராபர்ட் ஹோம் என்ற ஓவியர் ஏற்கெனவே படையோடு போய் வரைந்து வந்திருந்தார். போட்டி பலமா இருந்தது. நாம் இன்று அழகான மலைக்காட்சி என்று பார்க்கிற படங்கள், அன்று வெற்றிச் செய்தியாகவும் விற்றன. அந்தக் கோட்டைகளில் செத்தவர்கள் படத்தில் இல்லை.

ஆனாலும், அந்த மலைகளை எப்படி வரைந்தார்கள் என்பதுதான் என்னைப் பிடிச்சு நிறுத்துச்சு. முக்கோணம் இல்லை. தருமபுரிப் பக்கம் பஸ்ஸில் போயிருந்தால் உங்களுக்கே தெரியும், இங்கே மலை என்பது பச்சைப் போர்வை போர்த்திய ஊட்டி மலை கிடையாது. வெயில்ல வெந்த பாறை. யானை படுத்திருக்கிற மாதிரி ஒண்ணு, குண்டாங்கல்லை அடுக்கி வெச்ச மாதிரி இன்னொண்ணு. டேனியல்கள் அதை அப்படியேதான் வரைந்தார்கள். அதுக்கு அவங்ககிட்ட ஒரு கருவி இருந்தது. இருட்டுப் பெட்டி. ஒரு பக்கம் லென்ஸ், உள்ளே கண்ணாடி. வெளியே இருக்கும் மலை உள்ளே தாளின் மேல் நிழலாக விழும். அதன் மேல் பென்சிலால் கோடு இழுத்துக்கொள்ளலாம். உங்க போன் கேமராவோட கொள்ளுத்தாத்தா. இது கள்ளாட்டம்தானேன்னு எனக்கும் தோணுச்சு. ஆனால் கோடுதான் பெட்டி தரும். வெளிச்சமும் நிறமும் தூரமும் கண்தான் தரணும்.

அப்படியே தெற்கே போனார்கள். திருச்சி, மதுரை, ராமேஸ்வரம், தஞ்சாவூர். பாபநாசம் அருவியை வரைந்தார்கள். மாமல்லபுரத்தைப் பார்த்து மெட்ராஸ் திரும்பினார்கள். அங்கே இன்னொரு லாட்டரி. அந்தக் காசில் பம்பாய்ப் பக்கம் குகைக் கோயில்கள். 1794-ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது வில்லியமுக்கு 25 வயசு. பதினாறில் போன பையன், ஒன்பது வருஷம் கழிச்சு வீடு திரும்பறான்.

செப்புத் தகட்டில் போன கண்ணு

இந்தியாவில் வெறும் பென்சில் கோடும் நீர்வர்ணமும்தான். அதை மக்கள் வாங்கும் அச்சுப் படமாக மாற்றும் வேலை லண்டனில் வில்லியம் தலையில் விழுந்தது. அந்த முறைக்குப் பெயர் அக்வாடின்ட். செப்புத் தகட்டின் மேல் மெல்லிய பிசின் தூளைப் படியவைத்து, சூடுகாட்டி ஒட்டவைப்பார்கள். பிறகு அமிலத்தில் வைப்பார்கள். தூள் துகள்களுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளை மட்டும் அமிலம் அரிக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் மெல்லிய நிழல், அதிக நேரம் வைத்தால் அழுத்தமான இருட்டு. வெளிச்சம் வேண்டிய இடத்தை அரக்கு பூசி மூடிவிட வேண்டும். இப்படி ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு தடவை. ஒரு தடவை நேரம் தப்பினால் தகடு வீண். அச்சடித்த பிறகு ஒவ்வொரு தாளுக்கும் கையால் வர்ணம்.

இப்படி 144 படங்கள். 1795-லிருந்து 1808 வரை ஆறு பகுதிகளாக வெளிவந்த அந்தத் தொகுப்பின் பெயர் ஓரியன்டல் சீனரி. நம்ம ராயக்கோட்டையும் ஜகதேவியும் வீரபத்திர துர்க்கமும் அதில்தான் இருக்கின்றன. முழு செட்டின் விலை 210 பவுண்டு. அன்றைக்கு அது ஒரு சாதாரணக் குடும்பம் சில வருஷம் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பணம். வில்லியம் விடியலில் உட்கார்ந்தால் நள்ளிரவில்தான் எழுவார் என்று சொல்லுமளவுக்கு உழைப்பு, வருஷக்கணக்கில்.

பேரு யாருக்குப் போச்சு? சித்தப்பாவுக்கு. தாமஸ் டேனியல் 1799-ல் ராயல் அகாடமியின் முழு உறுப்பினர் ஆனார். வில்லியம் அதே வருஷம் அகாடமியின் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார்! கங்கையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் இந்தியாவை வரைந்து முடித்த ஆள், முப்பது வயசில் திரும்பவும் பெஞ்சில். இதைப் படிச்சப்போ எனக்கு அவர் மேல ஒரு தனிப் பாசமே வந்துடுச்சு.

நாற்பது பேர், ஒரு நாற்காலி

ராயல் அகாடமின்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா கதையோட முடிச்சு அங்கேதான் இருக்கு. முழு உறுப்பினர்கள் மொத்தம் நாற்பது பேர்தான். ஒருவர் இறந்தால்தான் அடுத்தவருக்கு இடம். யாரை எடுப்பது என்று இருக்கிற உறுப்பினர்களே ஓட்டுப் போடுவார்கள். வருஷா வருஷம் நடக்கும் ஓவியக் கண்காட்சியில் எந்தப் படத்தைச் சேர்ப்பது, எங்கே மாட்டுவது என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை படங்கள், சட்டத்தோடு சட்டம் முட்டும். கண் மட்டத்தில் மாட்டினால் நீங்க ஜெயிச்சீங்க. கூரைக்குப் பக்கத்தில் மாட்டினால் உங்க படத்தைப் பல்லிதான் பார்க்கும்.

வில்லியம் 1795-லிருந்தே அங்கே படம் வைத்தவர். 1807-ல் இணை உறுப்பினர் ஆனார். முழு உறுப்பினர் ஆகப் பதினைந்து வருஷம் காத்திருந்தார். நடுவில் சும்மா இல்லை. 1814-ல் பிரிட்டனின் கடற்கரையைச் சுற்றி வர ஆரம்பித்து, 1825-க்குள் 308 படங்கள் போட்டார். இந்தியாவில் கற்றுக்கொண்ட அதே வேலை. இடத்துக்குப் போ, நில், பார், வரை.

அவரோடு அதே காத்திருப்பில் இன்னொருவரும் இருந்தார். ஜான் கான்ஸ்டபிள். வில்லியமைவிட ஏழு வயசு சின்னவர். 1819-ல் இணை உறுப்பினரானவர். அவர் இந்தியா போகவில்லை, இங்கிலாந்தை விட்டே போகவில்லை. தன் ஊர் ஆற்றங்கரையையும் வயலையும் மேகத்தையும் திரும்பத் திரும்ப வரைந்தவர். 1821-ல் ஆற்றில் ஒரு மாட்டுவண்டி மாதிரியான குதிரைவண்டி இறங்கி நிற்கும் பெரிய படமொன்றை அகாடமியில் வைத்தார். தி ஹே வெய்ன். லண்டனில் அதை வாங்க ஆள் வரவில்லை.

1822-ல் ஓட்டெடுப்பு நடந்தது. வில்லியம் டேனியல் முழு உறுப்பினர் ஆனார். கான்ஸ்டபிள் ஆகவில்லை.

இன்னைக்கு லண்டனில் எந்த ஓவிய மாணவரைக் கேட்டாலும் இதைக் கேட்டுச் சிரிப்பார். கான்ஸ்டபிள் இன்று இங்கிலாந்தின் அடையாளம். அந்த ஹே வெய்ன் லண்டன் நேஷனல் கேலரியில் கூட்டம் கூடும் படங்களில் ஒன்று. நடுவர்கள் தப்பு பண்ணிட்டாங்கன்னு தீர்ப்பு எழுதறது ரொம்ப ஈஸி. அந்த நாற்பது பேரில் வில்லியமின் சித்தப்பா தாமஸும் ஒருவர், மனைவி வழி உறவான ரிச்சர்ட் வெஸ்டாலும் ஒருவர் என்பதைச் சேர்த்தால் கதை இன்னும் சுவாரஸ்யமாகும். ஆனால் எனக்கு அப்படிச் சொல்ல மனசு வரலை. முப்பத்தாறு வருஷமாக அந்தத் தொழிலைச் செய்த மனிதர் அவர். நூறு நூறு தகடுகள். பொதுமக்கள் முக்கால்வாசிப்பேர் ஒரு நாளும் போக முடியாத இடங்களைக் கண்முன் கொண்டுவந்தவர். அந்த ஓட்டு உழைப்புக்கு விழுந்த ஓட்டு என்றுதான் நான் படிக்கிறேன்.

கான்ஸ்டபிளுக்கு என்ன ஆச்சு? ஹே வெய்ன் 1824-ல் பாரிஸ் கண்காட்சிக்குப் போனது. பிரெஞ்சு ஓவியர்கள் அசந்துபோனார்கள். தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம்தான், பார்த்தவங்க மட்டும்தான் வேற! சொந்த ஊரில் 1829 வரை காத்திருந்து, அதுவும் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் உள்ளே வந்தார். அடுத்த வருஷம் அவரே தேர்வுக் குழுவில் நடுவராக உட்கார்ந்தார். அப்போ நடந்தது சினிமாவில்கூட வராது. உறுப்பினர்களின் படம் தேர்வுக்கு வர வேண்டியதே இல்லை. ஆனால் அவர் வரைந்த ஆற்றோரப் புல்வெளி ஒன்று தவறுதலாக வெளியாட்களின் படங்களோடு கலந்து மேஜைக்கு வந்துவிட்டது. யார் படம் என்று தெரியாத மற்ற நடுவர்கள், இது என்ன அசிங்கமான பச்சை என்று தள்ளிவிட்டார்கள். கான்ஸ்டபிள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு உண்மை தெரிந்து, சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்னபோது, அவரே வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் படமும் இப்போது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரொம்பப் பச்சையாத்தான் இருக்கு, அழகா இருக்கு.

இதை எதுக்கு வில்லியம் கதைக்கு நடுவுல கொண்டுவந்தேன்னா, பேரை மறைச்சுட்டு பார்த்தா நியாயம் கிடைச்சுடும்னு நாம நினைக்கிறோம். எங்க பள்ளிக்கூடப் போட்டியிலும் தாளுக்குப் பின்னாடிதான் பேர் இருந்தது. பேர் தெரியாமல்தான் நாங்களும் அந்தப் பாறை மலையைத் தள்ளினோம்.

பரிசும் பஞ்சமும்

வில்லியமுக்குப் பரிசும் கிடைத்தது. பிரிட்டிஷ் இன்ஸ்டிடியூஷன் என்ற அமைப்பு டிரஃபால்கர் கடற்போரை வரைந்ததற்காக அவருக்கு 100 பவுண்டு கொடுத்தது. கவனிச்சீங்களா, போர்க் காட்சி! மலைக்கும் அருவிக்கும் அல்ல. வாழ்நாள் முழுக்க நிலக்காட்சி வரைந்த மனிதருக்கு நடுவர்கள் காசு கொடுத்தது கப்பல் சண்டைக்கு. அந்த அடுக்கு அவ்வளவு சீக்கிரம் கலையவில்லை.

கடைசி வருஷங்களில் அவர் திரும்பவும் இந்தியாவுக்கே வந்தார், நேரில் அல்ல, நினைவில். பார்வையாளர் நடுவில் நிற்க, சுற்றிலும் காட்சி விரியும் பெரிய வட்ட ஓவியத்துக்கு அப்போது லண்டனில் கிராக்கி. மெட்ராஸை அப்படி ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். நாற்பது வருஷத்துக்கு முன் பார்த்த கடற்கரை. படகு, அலை, கோட்டை. இருபது வயசில் போட்ட கோடுகளை ஐம்பது, அறுபது வயசிலும் எடுத்து எடுத்து வேலை செய்தார். இந்தியா பற்றிய ஆண்டு மலர்களுக்கும் படம் கொடுத்தார்.

1837 ஆகஸ்ட் 16 அன்று லண்டன் கேம்டன் டவுனில் வில்லியம் டேனியல் இறந்தார். அதே வருஷம் மார்ச் கடைசியில் கான்ஸ்டபிள் இறந்திருந்தார். சித்தப்பா தாமஸ் தொண்ணூறு வயசு வரை இருந்து 1840-ல் போனார். கையைப் பிடித்துக் கப்பல் ஏற்றிக் கூட்டிப்போன பையனுக்குப் பிறகும் மூணு வருஷம்.

அதற்குப் பின் நூறு வருஷத்துக்கும் மேலாக டேனியல்களைக் கலைஞர் என்பதைவிட, இடத்தைப் பதிவு செய்தவர்கள் என்றே பேசினார்கள். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதுல ஒரு மட்டம் தட்டல் இருக்கு. 1990-களில் அன்டோனியோ மார்ட்டினெல்லி என்ற புகைப்படக்காரர், ஓரியன்டல் சீனரி படங்களைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியா முழுக்க அதே இடங்களில் நின்று போட்டோ எடுத்தார். ஹாட்ஜஸ் படத்தை வைத்து டேனியல்கள் செய்த அதே சோதனை, இருநூறு வருஷம் கழித்து அவர்களுக்கே! பெரும்பாலும் தேறினார்கள். அங்கங்கே அழகுக்காகக் கூட்டிக் குறைத்திருக்கிறார்கள். முன்னால் ஒரு மரம், ஓரமாக நாலு ஆட்கள். அன்றைய லண்டன் ரசனைக்கு அது இல்லாமல் படம் விலைபோகாது. அவங்க காலத்து தென்னை மரமும் குடிசையும்னு வெச்சுக்கோங்களேன்.

ஆனால் மலையில் கை வைக்கவில்லை. பாறை பாறையாகவே இருக்கிறது.

அந்தப் படங்களைப் பார்க்க இன்னைக்கு 210 பவுண்டு வேண்டாம். லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியிலும் ராயல் அகாடமியிலும் டேனியல் படங்கள் இருக்கு. கொல்கத்தா விக்டோரியா மெமோரியலில் அவங்க தீட்டிய எண்ணெய் வர்ண ஓவியங்களை நேரிலேயே பார்க்கலாம். அதுக்கும் நேரம் இல்லைன்னா போனில் டேனியல், ராயக்கோட்டைன்னு தேடினாலே வந்துடும். சேமிச்சு வெச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை பஸ் ஏறுங்க. தருமபுரியிலிருந்து ராயக்கோட்டை ரொம்பத் தூரம் இல்லை. கோட்டை இப்போ தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கு. வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்க, தண்ணி பாட்டில் கட்டாயம். ஏறுவதற்கு முன்னாடி கீழே நின்னு, போன்ல இருக்கிற படத்தையும் எதிர்ல இருக்கிற மலையையும் மாத்தி மாத்திப் பாருங்க.

இந்த வருஷப் போட்டிக்கு என்னை நடுவரா யாரும் கூப்பிடலை. கூப்பிடாமலேயே போகலாம்னு இருக்கேன், அந்தப் பொண்ணு இப்போ எட்டாவது.